பிரம்புக்குச் சீட்டு வேண்டாம்

மூன்றாம் வகுப்பு டைரியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "யுவர் வார்டு இஸ் நாட் சிட்டிங்."

எனக்குத் தெரிந்து வார்டு இரண்டு வகை. ஒன்று மாநகராட்சி வார்டு. குப்பை அள்ள ஆள் வராது. இன்னொன்று ஆஸ்பத்திரி வார்டு. எட்டிப் பார்க்க டாக்டர் வரமாட்டார். என் பிள்ளையை எந்த வார்டு என்று நினைத்து எழுதினார்கள் என்பது அன்றைக்குப் புரியவில்லை. போகப் போகப் புரிந்தது. இங்கிருந்து அள்ளு, அங்கே கொண்டுபோய்க் கொட்டு என்கிறார்கள்.

ஜூன் மாதம் உட்காரவில்லை. ஜூலையில் எழுதி முடிக்கவில்லை. ஆகஸ்டில் பக்கத்துப் பையனின் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டான். செப்டம்பரில் 'மீட் மீ', அடியில் இரண்டு கோடு. ஒருநாள் டைரியைக் காணோம். வழக்கம்போலப் பையன்தான் தொலைத்தான் என்று திட்டித் தீர்த்தேன். ராத்திரி பார்த்தால் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்தவள் என் மனைவி.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கோஆர்டினேட்டர் மேடம் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "வாங்க டாடி, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். என் பரம்பரையில் ஒருவனாவது உட்காருகிறான் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"ஓப்பனா சொல்லிடறேன் டாடி. உங்க பையன் ஹைப்பர்."

'ஹைப்பர்' என்பது நம் ஊர்ப் பள்ளிகளில் முழுமையான ஒரு தீர்ப்பு. எதில் ஹைப்பர், எவ்வளவு ஹைப்பர், யார் பார்த்துச் சொன்னது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. முன்பு 'வாலு' என்பார்கள். வாலுக்கு வைத்தியமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஹைப்பருக்கு இரண்டும் உண்டு.

ஜன்னல் வழியாக வகுப்பைப் பார்த்தேன். 46 தலை எண்ணினேன். மூன்று பேர் பெஞ்சில் நான்கு பேர். 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வைத்த கணக்கு. கால அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியடு இருக்கிறது. ஜூன் மாதமே கணக்கு டீச்சர் அவற்றைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டார். வாங்கியதைத் திருப்பித் தரும் கணக்கு மட்டும் அவருக்கு வராது. மைதானம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதில் ஏழு பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. இந்தப் பள்ளி எதிர்பார்க்கும் ஒழுக்கம் முழுமையாக வாய்க்கப்பெற்றவை அவைதான். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை ஒன்றுகூட இடத்தைவிட்டு எழுந்ததில்லை.

"நாங்க என்ன செய்யணும் மேடம்?"

"ரிப்போர்ட் கொண்டு வாங்க. இல்லேன்னா ஷேடோ டீச்சர் ஒருத்தர நீங்களே சம்பளம் குடுத்துப் போட்டுக்கலாம். ரெண்டுமே கஷ்டம்னா, அவனுக்கு சூட்டாகிற இடமா பாருங்களேன். டிசி குடுக்கறதுல எங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல."

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு. பள்ளியும் நீக்கவில்லையே! நாமாகக் கேட்டு, நாமாக எழுதிக் கொடுத்து, நாமாக வாங்கிக்கொண்டு போகவேண்டும். தூக்குக் கயிற்றுக்குக் கைதியிடமே காசு வாங்குகிற நாகரிகம்.

இத்தனைக்கும் இது அதிசயப் பிறவி ஒன்றும் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இந்தக் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இருக்கும் என்கிறார்கள். 46 பேர் வகுப்பில் இரண்டு பேர். இரண்டாயிரம் பேர் பள்ளியில் நூறு பேர். முப்பது ஆண்டாகப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக வானத்திலிருந்து விழுந்த வால்நட்சத்திரம்!

பள்ளி விட்டதும் சொந்தம் பிடித்துக்கொண்டது.

மாமியார் முதலில் கிராம்பு, மிளகாய், உப்பு வைத்துச் சுற்றிப் போட்டார். பிறகு தாயத்து. பிறகு வல்லாரை லேகியம். மூன்றுக்கும் அடங்காததால், "பொம்பள வேலைக்குப் போனா இப்படித்தான் மாப்பிள்ளை" என்று மெதுவாக ஆரம்பித்தார். சொந்த மகளைத்தான் சொல்கிறார். என் பெரியப்பா மகன், செல்போன்தான் காரணம் என்றான். ஒன்றுவிட்ட அத்தை சாக்லேட்தான் காரணம் என்றாள். சர்க்கரை தின்றால் பிள்ளை துள்ளும் என்பதை விஞ்ஞானிகள் 1990களிலேயே சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள். அத்தை கைவிடவில்லை. செல்போனுக்கும் பதில் உண்டு. ஒன்றில் மனம் நிற்காமல் தாவுகிற இந்த நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798லேயே புத்தகத்தில் எழுதி வைத்தார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றினார். அந்த ஊரில் அப்போது எந்தக் கம்பெனியின் டவர் இருந்தது என்று பெரியப்பா மகன்தான் சொல்லவேண்டும்.

மாமா ஒருவர் மட்டும் ஆறுதல் சொன்னார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மாப்ள. நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன். இப்ப நல்லா இல்லையா?"

மாமா மூன்று கடை வைத்து மூன்றையும் மூடியவர். இரண்டு முறை ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்து ஆட்டோவில் வீடு வந்தவர். மாமி இன்றைக்கும் கேஸ் அடுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகமாட்டார். இந்தக் குறைபாடு வம்சத்தில் ஓடுகிறது, இதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று படித்தபோது எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. 'நல்லா இருக்கிறேன்' என்று அவர் சொல்வது உண்மைதான். அவர் நன்றாக இருப்பதற்கான செலவை ஐம்பது ஆண்டாக மாமி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த மாமன்கள்தான் ஆபத்து. 'ஹைப்பர்' என்று முத்திரை குத்தும் பள்ளியும், 'ஒண்ணுமே இல்ல' என்று தட்டிக்கொடுக்கும் மாமனும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிவார்கள். கூட்டணி ரகசியமாக இருக்கிறது. பிள்ளையை உட்காரவைத்து ஒருமணி நேரம் பார்க்கவேண்டிய வேலை இருவருக்குமே மிச்சம்.

மூன்றாவது அணி ஒன்று இருக்கிறது. அது மிச்சம் பிடிக்காது, மொத்தமாகப் பிடிக்கும். பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளையின் எட்டு வகை அறிவையும் சதவீதத்தில் தரும் சென்டர் எங்கள் தெருமுனையிலேயே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் புத்தகம் படிக்கவைத்தார்களே, 'நடுமூளையை எழுப்புகிறோம்' என்று, அந்தக் கூட்டம்தான் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. "நாப்பது செஷன் பேக்கேஜ் சார். முன்னாடியே கட்டினா பத்து பர்சன்ட் தள்ளுபடி" என்றார் டை கட்டிய இளைஞர். குழந்தையைப் பார்க்கவேண்டாமா என்றேன். "பேமென்ட்டுக்கு அப்புறம் அசெஸ்மென்ட் சார்." கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிற வித்தையைப் பெற்றோருக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது ரசீதைப் படித்தபோது தெரிந்தது.

குழந்தை மனநல மருத்துவரைத் தேடினேன். நம் நாட்டில் லட்சம் பேருக்குச் சுமார் 0.75 மனநல மருத்துவர்தான் என்கிறது கணக்கு. குறைந்தது மூன்று பேர் வேண்டும். லட்சம் பேருக்கு முக்கால் டாக்டர். எந்தக் கால் பாகம் இல்லை என்று ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பிய முதல் டாக்டரைப் பார்த்ததும் தீர்ந்தது. காது இருக்கிற பாகம்தான் இல்லை. பையனின் பெயரைக்கூடக் கேட்கவில்லை அவர்.

இரண்டாமவருக்கு ஏழு வாரம் காத்திருந்தோம். அவர் அறைக்கு வெளியே வரிசையில் பத்துப் பிள்ளைகள். ஒன்பது பேர் பையன்கள். பத்தாவதாக ஒரு பெண், பதின்மூன்று வயது இருக்கும், சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சொன்னார்: "இவ யாரையும் தொந்தரவு பண்ணமாட்டா சார். அவ பாட்டுக்கு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருப்பா. ஏழாவது ஃபெயிலாகிற வரைக்கும் ஸ்கூல்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல." துள்ளாமல் கவனம் மட்டும் நழுவுகிற வகை பெண் பிள்ளைகளிடம் அதிகம் தப்பிப் போகிறது. பெஞ்சு அசையவில்லை, டீச்சருக்குத் தலை வலிக்கவில்லை, அதனால் டைரியில் சிவப்பு மை இல்லை. பள்ளி அளப்பது பிள்ளையின் கஷ்டத்தை அன்று, தன் தலைவலியை. தலைவலி தராத பெண்ணுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்து, மாப்பிள்ளை பார்க்கிற வயது வரும்வரை ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள்.

உள்ளே போனோம். டாக்டர் வயதானவர். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால்மணி நேரத்தில் என் மகன் அவர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பிரித்துப் போட்டுவிட்டான். ஸ்பிரிங் பறந்து பீரோவுக்கு அடியில் போனது. நான் கையை ஓங்கினேன்.

"விடுங்க தம்பி. ஸ்டேப்ளர் போனா போகுது. இவன் எதுல நிக்கிறான், எதுல நிக்கலன்னு நான் பாக்க வேணாமா?"

பிறந்த தேதி கேட்டார். மே மாதக் கடைசி என்றதும், "வகுப்புலயே கடைக்குட்டியா?" என்றார். எதற்கு என்று சொன்னார். அமெரிக்காவில் 2018இல் வந்த ஆய்வு: செப்டம்பர் 1 என்று வயது வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பின் கடைக்குட்டியாக இருக்கும் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்த மூத்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று எழுதியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஏழு வயதாக இருப்பதே நோயாகிவிடுகிறது. நம் தாத்தா காலத்தில் கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. எட்டவில்லையா, போய் விளையாடிவிட்டு அடுத்த வருஷம் வா என்பார்கள். இப்போது இரண்டரை வயதில் பிரீகேஜி. கை எட்டாத பிள்ளையின் காதைத் திருகி எட்டவைக்கிறோம்.

தூங்கும்போது குறட்டை விடுகிறானா, காது சரியாகக் கேட்கிறதா, கண் பார்த்தாயிற்றா, வீட்டில் சண்டையா, யாராவது அடிக்கிறார்களா என்று ஒருமணி நேரம் கேட்டார். பிறகு கணக்கைச் சொன்னார். அறிகுறிகள் மொத்தம் 18. கவனத்துக்கு ஒன்பது, துள்ளலுக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. ஏதாவது ஒரு பக்கம் குறைந்தது ஆறு இருக்கவேண்டும். ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும். 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்கவேண்டும். அதனால் அவன் பாடு கெட்டிருக்கவேண்டும். "எல்லாப் பிள்ளைக்கும் இது கொஞ்சம் இருக்கும் தம்பி. மலேரியா மாதிரி இருக்கு, இல்லைன்னு ரெண்டே பதில் கிடையாது. பிரஷர் மாதிரி. எந்த அளவுக்கு மேல போனா ஆளப் படுத்துதுன்னு பாக்கணும்."

பள்ளிக்கு ஒரு படிவம் கொடுத்தார். 43 கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று நான்கு கட்டம். மறுநாளே திரும்பி வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல மேலிருந்து கீழ்வரை 'மிக அடிக்கடி'. கூச்சப்படுகிறானா, பயந்து ஒதுங்குகிறானா என்ற கேள்விக்கும் மிக அடிக்கடி. திருடுகிறானா என்பதற்கும் மிக அடிக்கடி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவது அந்தப் பதினெட்டு அறிகுறிகளில் ஒன்றாம்.

இன்னொரு படிவத்தை இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் கொண்டுபோனேன். சம்பளம் போதாமல் அந்தப் பள்ளியைவிட்டுப் போய், உறையூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தார். பென்சிலால் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தார். 'பத்து நிமிடம் உட்காருவான். கதை என்றால் இருபது.' 'மறந்துவிடுவான், சொன்னால் வருத்தப்படுவான்.' 'கரும்பலகை துடைக்கச் சொன்னால் நாள் முழுக்க நல்ல பிள்ளை.' அந்தப் படிவத்திலும் மதிப்பெண் வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு பையன் இருந்தான்.

முடிவு உறுதியானது. உள்ளதுதான், நடுத்தர அளவு. டாக்டர் மாத்திரையை உடனே எழுதவில்லை. பெற்றோருக்கான வகுப்பு சில வாரம். முன் பெஞ்சு, ஒரே நேரத்தில் ஒரே வேலை, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஒரு சாக்கு. இவற்றைப் பள்ளிக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனேன்.

"இது ரிப்போர்ட்தான் டாடி. சர்டிபிகேட் இருக்கா?"

அங்கேதான் அரசாங்கத்தின் அருமை தெரிந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிள்ளைகளிடம் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய 30 நிலைகளில் ஏ.டி.எச்.டி.யையும் சேர்த்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஒரு கை தேடு என்கிறது, மறு கை கிடைத்ததைத் தூக்கிப் போடு என்கிறது. சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், "இது மட்டும்தானா சார்? கூட வேற எதுவும் இல்லையா?" என்று அந்த ஊழியர் கேட்டார். ஸ்வீட் ஸ்டாலில் கேட்பது போலவே இருந்தது. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமாம். பிள்ளைக்கு இன்னொரு குறையும் இருக்கக்கூடாதா என்று ஒரு தகப்பனை ஏங்கவைக்கிற சட்டம் இது!

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். மற்ற நோய்களைப் போலவே மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறதே என்றேன். "கண்டிப்பா கவராகும் சார். 24 மணி நேரம் அட்மிட் ஆகிப் படுத்திருக்கணும்." அவன் 24 நிமிடம் படுத்திருந்தால் நான் ஏனம்மா உனக்குப் போன் போடுகிறேன்?

நாலு மாதம் கழித்து டாக்டர் மாத்திரை எழுதினார். மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் 1944இல் உருவாக்கியது. மனைவி ரீட்டாவின் பெயரை வைத்து அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. என் அப்பாவைவிட மூத்த மருந்து. அதை வாங்க தில்லைநகரில் தொடங்கிப் புத்தூர்வரை ஆறு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாம் கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மூன்றாம் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "இது யாருக்கு?" என்றார். ஆறாவது கடையில் கிடைத்தது.

அது 'எக்ஸ்' அட்டவணை மருந்து. தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்தவேண்டும். மருந்தைப் பூட்டி வைக்கவேண்டும். கடைக்காரர் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, எண்ணிக் கொடுத்து, பேரேட்டில் எழுதி, மறுபடி பூட்டினார். இதில் எனக்கு வருத்தம் இல்லை. தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து; பிள்ளையின் உடம்புக்குள் போகிறது. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று நாளைக்குக் கேட்டால் தாளில் பதில் இருக்கவேண்டும். நாகரிகமான நாடு அப்படித்தான் செய்யும்.

முதல் வாரம் ஒரு சாயங்காலம் பையைத் திறந்த என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரப்பர் வீட்டுக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டில் ரப்பரை டஜன் கணக்கில்தான் வாங்குவோம். காலையில் போனது சாயங்காலம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு ரப்பர் வந்திருந்தது, பென்சில் வந்திருந்தது, தண்ணீர் பாட்டில் மூடியோடு வந்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள். நாலு இட்லியும் அப்படியே திரும்பி வந்திருந்தன. பசி குறையும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை எடை, உயரம், நாடித்துடிப்பு பார்க்கிறார். ரப்பரை ஒரு கையிலும் இட்லியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மருந்து வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் உபதேசம் அனுப்புகிறவர்களும், மருந்து ஒன்றே போதும் என்று சொல்கிறவர்களும் அந்தப் பையை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த வகை நாலு மணி நேரம் வேலை செய்யும். நாள் முழுக்க நிற்கிற வகை அந்த மாதம் கடையில் இருப்பு இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்டால் பன்னிரண்டுக்குத் தீரும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று கொடுக்கவேண்டும். டாக்டரின் கடிதத்தோடு, கையெழுத்துப் போட்ட சம்மதத்தோடு, நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன்.

"சாரி டாடி. டேப்ளட் எல்லாம் ஸ்கூல்ல அலவ்டு இல்ல. சேஃப்டி பாலிசி. ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

சரிதான் என்று திரும்பிவிட்டேன். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எதிராக யாரால் பேசமுடியும்?

எட்டாவது நாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இடது கெண்டைக்காலில் நீளமாக ஒரு கோடு. அதற்குக் கீழே இணையாக இன்னொரு கோடு. டைரியில் 'மீட் மீ'க்கு அடியில் போட்டார்களே, அதே போல இரண்டு கோடு, அதே சிவப்பு. மதியம் கடைசி பீரியடு. மர ஸ்கேல். "மாத்திர போட்டும் அடங்கலையாடான்னு மிஸ் கேட்டாங்கப்பா. இப்ப மாத்திர தீந்துபோச்சு மிஸ்னு சொன்னேன். வாயாடுறியான்னு அடிச்சாங்க." மெத்தில்ஃபெனிடேட் எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று அந்தப் பள்ளியில் சரியாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவன்தான்.

உடம்பில் அடிக்கவும் கூடாது, மனத்தை வதைக்கவும் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம். தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்கிறது.

மறுநாள் போய்க் கத்தினேன். மேடம் பதறவில்லை. "அடிக்கல டாடி, சும்மா தட்டினது. நீங்கதானே ரெண்டாம் வகுப்புல சேர்க்கும்போது, கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்கன்னு சொன்னீங்க?"

சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். என் அப்பா என் வாத்தியாரிடம் சொன்னதை நான் சொன்னேன். பேரேட்டில் ஏறாத அந்தச் சீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. இதுவரை பள்ளியை, மாமனை, சட்டத்தை, கம்பெனியை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டவனை, அந்த அம்மாள் ஒரே வரியில் அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அதற்காக அடித்தது சரியாகிவிடாது. புகாரை எழுத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டேன். பிரின்சிபால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மூன்று வாரமாக அதே மீட்டிங்.

போன சனிக்கிழமை மாமியாருக்குக் கறுப்புக் கயிறு வாங்கப் பெரிய கடை வீதிக்குப் போனேன். அவர் நம்பிக்கை அவருக்கு. கயிறு யார் காலிலும் கோடு போடுவதில்லை. நாட்டு மருந்துக் கடை. வசம்பு, கடுக்காய், சாம்பிராணி, அதற்கு மேலே ஆணியில் கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தன பிரம்புகள். மெல்லியது, தடித்தது, நுனியில் சிவப்புத் துணி சுற்றியது. பூட்டு இல்லை. கைக்கு எட்டுகிற உயரம்.

"இதெல்லாம் யாருண்ணே வாங்குறா?"

"ஸ்கூல் தொறக்கிற மாசம் நல்லா ஓடும் சார். டீச்சருங்க வாங்குவாங்க. வீட்டுக்கும் வாங்குவாங்க."

"சீட்டு எதுவும் வேணுமா?"

அவருக்கு விளங்கவில்லை. தடித்ததில் ஒன்றை உருவி, காற்றில் ஒருமுறை வீசிக் காட்டினார். விஸ் என்று சத்தம் வந்தது. என் பின்னால் தராசுத் தட்டைச் சுற்றிவிட்டு விளையாடிக்கொண்டிருந்த என் மகன், எந்த மாத்திரையும் போடாமல், அசையாமல் நின்றான்.

"சீட்டெல்லாம் எதுக்கு சார்? ஒண்ணு நாப்பது. ரெண்டா எடுத்தா எழுபது."